பாம்பு நல்லாத்தானே இருக்கு?

மான்ட்ரியால்ல ஜூலை 1 வந்தா ஊரே வீடு மாத்தும். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் அதையொட்டித்தான் முடியும். தெருவோரம் மெத்தை, சோபான்னு குவிஞ்சு கிடக்கும். புது வீட்டுல அனுமதி இல்லைன்னு நாய், பூனையையும் விட்டுட்டுப் போற ஜனங்க உண்டு. பாம்பும் அப்படித்தான் கைமாறும். "போவா, கண்ணாடித் தொட்டியோட, மலிவு விலை" ரகம். (பாம்பைக் காசு குடுத்து வாங்குவாங்களான்னு கேக்காதீங்க. எங்க அம்மா இன்னமும் நம்பலை :-))

மலிவா வர்ற பாம்பைப் பத்தி எனக்கு ஒரே ஒரு சண்டைதான். அதோட ரத்தத்தைப் பரிசோதிச்சாங்களான்னு யாரும் சொல்றதில்லை, வாங்குறவனும் கேக்குறதில்லை.

போவாவுக்கும் மலைப்பாம்புக்கும் வர்ற தொத்துநோய் ஒண்ணு இருக்கு. இன்க்ளூஷன் பாடி டிஸீஸ், சுருக்கமா ஐ.பி.டி. செல்லுக்குள்ள புரதம் உருண்டை உருண்டையா சேர்ந்து நிக்கிறதால இந்தப் பேரு. தின்ன எலியைக் கக்கும், தலையை அண்ணாந்து வானத்தையே பாக்கும், மல்லாக்கப் போட்டா திரும்பிப் படுக்கத் தெரியாது. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. மலைப்பாம்புன்னா சீக்கிரமே கதை முடிஞ்சிடும். சிக்கல் போவாதான். வைரஸை உடம்புல வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா கொழுகொழுன்னு இருக்கும், குட்டிகளுக்கும் குடுக்கும். அதனாலதான் "பாம்பு நல்லாத்தானே இருக்கு"ங்கிற பதிலை நான் பதிலாவே எடுத்துக்கிறதில்லை.

1970கள்லயே பாத்த நோய், ஆனா காரணம் புரிய ஆரம்பிச்சது 2012லதான். சான் பிரான்சிஸ்கோ பக்கம் போவா வளர்த்த ஒரு பெண்மணி, தன் பாம்புக்கு இதுதானோன்னு சந்தேகப்பட்டு ஜோசப் டிரைசிங்கிற விஞ்ஞானிக்குக் கடிதம் போட்டாங்க. 2003ல சார்ஸ் வைரஸை அடையாளம் காட்டின குழுக்கள்ல அவரோடதும் ஒண்ணு. பிறகு அதே ஊர் ஸ்டைன்ஹார்ட் அக்வேரியத்துப் பாம்புகளுக்கும் நோய் வர, அங்கேருந்து வந்த மாதிரிகள்ல புது அரினா வைரஸ்கள் சிக்குச்சு. லாஸா காய்ச்சல் வைரஸ் இருக்கிற குடும்பம் இது. அதுவரை பாலூட்டிகள்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு நினைச்சிருந்தாங்க. மேலுறைப் புரதத்துல எபோலா சாயல் வேற! பயப்படாதீங்க, மனுஷனுக்குத் தொத்தினதாத் தகவல் இல்லை.

எங்க பாம்புக்கு நோய் இருக்குன்னு அவங்க வெளியில சொன்னதாலதான் இது தெரிஞ்சது. வளர்க்கிறவங்க நடுவுல நடக்கிறது பெரும்பாலும் இதுக்கு நேர் எதிர். பேரு கெட்டுடும்னு வாயை மூடிக்கிட்டு, மிச்சப் பாம்புகளை அரை விலைக்குத் தள்ளிவிடறது.

பாசிட்டிவ்னா உடனே கொன்னுடணுமா? நோய் முத்தி சாப்பிட முடியாம கிடக்கிறதை மருத்துவர் ஊசி போட்டு முடிச்சு வைக்கிறதுதான் இரக்கம். ஆனா வீட்டுல ஒத்தைப் போவா, அறிகுறியும் இல்லைன்னா? அது அங்கேயே வாழ்ந்து அங்கேயே சாகட்டும்ங்கிறது என் கட்சி. இனப்பெருக்கம் கூடாது, விக்கக்கூடாது, இரவல் கூடாது. பல பாம்பு வச்சிருக்கிறவங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பாம்பு உண்ணியும் பரப்பும்னு சந்தேகம் இருக்கு.

பரிசோதனைச் செலவு பாம்பு விலையை விட அதிகம்னு அலுத்துக்கிறாங்க. நியாயம்தான். ஆனா ஏற்கனவே ஒன்பது பாம்பு இருக்கிற அறைக்குள்ள பத்தாவதைக் கொண்டுபோறவன் இந்தக் கணக்கைப் பேசக்கூடாது. இங்கேருந்து ஒரு மணி நேரத்துல செயிண்ட்-ஹையசிந்த், மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தோட கால்நடை மருத்துவத் துறை அங்கதான். ஒருதடவை நெகட்டிவ் வந்தாலும் போதாது, மாசக்கணக்குல தனி அறை, தனித் தண்ணிக் கிண்ணம், மறுபடி ஒரு சோதனை.

ஊர்ல இருக்கிறவங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. பாங்காக்லேருந்து பெட்டிக்குள்ள பால் பைத்தான் கடத்தி வந்து சென்னை விமான நிலையத்துல மாட்டுற செய்தி அடிக்கடி வருது. மாட்டினதைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிடறாங்க. மாட்டாதது சோதனையே இல்லாம யார் வீட்டுக்கோ போகுது, சலிச்சுப்போனா புதருக்குள்ளயும் போகலாம். நம்ம மலைப்பாம்போட நெருங்கின சொந்தமான பர்மா மலைப்பாம்புக்கு ஐ.பி.டி. ஏற்கனவே வந்திருக்கு.