பக்கத்து ஆட்டத்துக்கு ஆள் வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

டொராண்டோவில் மகன் வீட்டில் இருக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நேற்று இங்கே நல்ல பனி. அந்தப் பனியிலும் பக்கத்து அரங்கில் நடந்த சிறுவர் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குப் போய்வந்து, படத்தை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உடனே பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: “சார், டிவில உலகத் தரமான ஆட்டமே வருது. இந்தக் குளிர்ல சின்னப் பிள்ளைங்க விழுந்து எந்திரிக்கிறதப் பாக்கவா போனீங்க?”

நியாயமான கேள்விதான். என் பதில் இது: டிவியில் நடக்கும் ஆட்டத்துக்கு நான் தேவையில்லை. பக்கத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு நான் தேவை.

டிவியைக் குறை சொல்ல வரவில்லை. வெளியே பனி கொட்டும்போது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மருமகள் கொடுத்த சுக்குக் காபியோடு ஆட்டம் பார்ப்பது சுகமான காரியம். சனிக்கிழமை இரவு என்றால் இந்த நாட்டில் ஹாக்கி இரவு. 1952 முதல் தொலைக்காட்சியில் வருகிறது. அதற்கு முன்பு வானொலியில் கேட்டார்கள். நம் வீட்டில் 1975 உலகக் கோப்பை ஹாக்கி வர்ணனையை ரேடியோவில் காதை ஒட்டவைத்துக் கேட்டோமே, அதே கதைதான். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக வென்றது 1967-இல். ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலமும் ‘இந்த வருஷம் கிடைக்கும்’ என்று நம்புகிறார்கள். ரசிகன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெரிய ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

பிராண்ட்ஃபோர்டு என்ற ஊர் இங்கிருந்து காரில் போகும் தூரம்தான். அங்கே வால்டர் கிரெட்ஸ்கி என்ற தொலைபேசிக் கம்பெனி ஊழியர், ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் தெளித்து உறையவைத்து, தன் பிள்ளைக்கு ஒரு ரிங்க் செய்து கொடுத்தார். அந்தப் பிள்ளைதான் வேன் கிரெட்ஸ்கி. என்ஹெச்எல் போட்டிகளில் 894 கோல்கள். அந்தச் சாதனையை முறியடிக்க 2025 வரை ஆகிவிட்டது. கொல்லையில் தண்ணீர் தெளித்த அப்பா இல்லாமல் அந்த 894 கிடையாது.

இன்னொருவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். இதே ஒன்டாரியோ மாகாணத்தில் ஆல்மான்ட் என்ற ஊரில் பிறந்தவர். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தார். குளிரில் வெளியே விளையாட முடியாமல் மாணவர்கள் உள்ளேயே அடைந்து கிடந்து சேட்டை செய்தார்கள். அவர்களைச் சமாளிக்க, பீச் பழக் கூடை இரண்டைப் பத்தடி உயரத்தில் கட்டி, 13 விதிகளை எழுதி, பதினெட்டுப் பேரை இரண்டு அணியாகப் பிரித்து விளையாட விட்டார். அதுதான் கூடைப்பந்து. வளையத்தின் உயரம் இன்றும் அதே பத்தடி. வகுப்பைக் கட்டி மேய்க்கத் தெரியாமல் தவித்த ஒரு வாத்தியார் கண்டுபிடித்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை!

ஆக, பனி விளையாட்டை நிறுத்தவில்லை. பனிதான் விளையாட்டைப் பெற்றெடுத்தது. பெற்றெடுத்த இடம் கொல்லைப்புறமும் பள்ளிக்கூடமும்.

சரி, நேற்றைக்கு வருவோம். அரங்கத்துக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. உள்ளே போனால் வெளியே இருப்பது போலவே குளிர். பெஞ்சில் கம்பளியை விரித்து உட்கார வேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுத் தளத்தையும் கொடுப்பதில்லை. குறுக்கே தடுப்பு வைத்துப் பாதியாக்கிக் கொடுக்கிறார்கள். சின்ன இடம் என்றால் எல்லாப் பிள்ளைக்கும் பந்து கிடைக்கும் என்ற கணக்கு. (பந்து என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அது தட்டையான ரப்பர் வட்டு, பக் என்பார்கள்.) நாற்பது பேர் வகுப்பில் முன்வரிசைப் பிள்ளைகளே பதில் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்த எனக்கு, இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது.

கோவில்பட்டிக்காரனுக்கு இந்த ஹாக்கி முதலில் விநோதமாகத்தான் இருந்தது. நம் ஹாக்கியில் பதினொரு பேர். இங்கே கோல்கீப்பரோடு ஆறு பேர். நம் மட்டையில் தட்டையான பக்கத்தால் மட்டும்தான் அடிக்கலாம், பின்பக்கம் பட்டால் ஃபவுல். இங்கே இரண்டு பக்கமும் செல்லும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் தடுப்புப் பலகையில் பக் மோதும் சத்தம், சறுக்குக் காலணி பனியைக் கீறும் சத்தம், விழுந்த பிள்ளை தானே எழுந்து மறுபடி ஓடுவது, இதெல்லாம் டிவியில் இல்லை. இடைவேளையில் பனித்தளத்தைச் சமன் செய்ய ஜாம்போனி வண்டி வந்தது. குழந்தைகள் எல்லாரும் அந்த ஓட்டுநருக்குக் கைகாட்ட, அவரும் எல்லாருக்கும் கைகாட்டினார்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்த என் பேத்தி கேட்ட முதல் கேள்வி, “தாத்தா, நான் அந்த பக்கைத் தடுத்தேனே, பாத்தீங்களா?” அவள் அணி தோற்றுவிட்டது. அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. யாராவது பார்த்தார்களா என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பிள்ளைகளே, முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன். எந்தப் பிள்ளையும் தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தால் இன்னும் ஒரு படி ஏறும். லீஃப்ஸ் அணிக்கு நான் கைதட்டினாலும் தட்டாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பெஞ்சில் நான் இல்லையென்றால் ஒரு ஆள் குறைவு என்று கண்ணால் எண்ணிவிடலாம்.

‘தரம் இல்லையே’ என்கிறீர்கள். தரம் தானாக வராது. கோவில்பட்டியில் மாலை நேரத்தில் மைதானத்தைச் சுற்றி நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வந்தவர்கள், கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு நின்றவர்கள், சைக்கிளில் உட்கார்ந்தபடியே ‘பாஸ் குடுடா’ என்று கத்தியவர்கள். அவர்கள் யாரும் பயிற்சியாளர் இல்லை. ஆனால் அந்தக் கூட்டம் இருந்ததால்தான் ஒரு சின்ன ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் மட்டை பிடித்தார்கள். 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் அந்த ஊர்ப் பிள்ளைதான்.

இங்கேயும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஐஸ் ஹாக்கி செலவு பிடித்த விளையாட்டு. சறுக்குக் காலணி, தலைக்கவசம், மார்புக் காப்பு என்று வாங்கி முடிப்பதற்குள் பெற்றோர் களைத்துப்போகிறார்கள். பிள்ளை வளர வளர அதையெல்லாம் மறுபடி வாங்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆகிவிடுமோ என்ற கவலை இங்குள்ளவர்களுக்கே இருக்கிறது. நடுவரைத் திட்டும் அப்பாக்களையும் பார்த்தேன். அந்த நடுவருக்குப் பதினாறு வயதுகூட இருக்காது. இப்படிப்பட்ட இடத்தில் அமைதியாக உட்கார்ந்து இரண்டு அணிக்கும் கைதட்டும் நாலு பெரியவர்கள் இருந்தால் சூழலே மாறும்.

ஆறுதலான விஷயமும் உண்டு. டொராண்டோ நகராட்சி ஐம்பதுக்கும் மேற்பட்ட திறந்தவெளிப் பனித்தளங்களை நடத்துகிறது. சறுக்குவதற்குக் கட்டணம் இல்லை. மக்கள் வருகிறார்கள், அதனால் அவை இருக்கின்றன. வராவிட்டால் அடுத்த பட்ஜெட்டில் முதல் வெட்டு அங்கேதான் விழும். பொதுச்சொத்துக்கு எந்த ஊரிலும் இதுதான் விதி. நம்மூரிலும் ஆள் வராத மைதானத்தில் முதலில் வண்டி நிறுத்துவார்கள். அடுத்து அங்கே பொருட்காட்சி வரும். கடைசியில் கட்டடம் எழும்பும்.

உங்களில் பலருக்கு ஐபிஎல்லில் எந்த வீரர் எத்தனை கோடிக்கு ஏலம் போனார் என்பது தலைகீழ்ப் பாடம். தப்பில்லை. ஆனால் உங்கள் ஊர் கபடி அணிக்கு இந்த வருஷம் கேப்டன் யார்? நீங்கள் படித்த பள்ளியின் கைப்பந்து அணி மாவட்டப் போட்டிக்குப் போனதா? பொங்கல் விளையாட்டில் சாக்கு ஓட்டத்தில் ஜெயித்த பெண் யார் வீட்டுப் பிள்ளை? இதற்குப் பதில் தெரியாதவர் ரசிகர் அல்ல, வாடிக்கையாளர் என்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள். அந்தக் கடனை யாரும் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மற்றவர்களுக்கு நான் கேட்பது மாதத்தில் ஒரு மணி நேரம். கனடாவில், இங்கிலாந்தில் இருப்பவர்கள் பக்கத்து அரங்கத்துக்கு ஒரு சனிக்கிழமை போய் உட்காருங்கள். சொந்தப் பிள்ளை ஆடாவிட்டாலும் போங்கள். ஊரில் இருப்பவர்கள் சாயங்காலம் மைதானத்துப் பக்கம் நடந்துபோய், ஒரு அரைமணி நேரம் நின்று பாருங்கள். போனைப் பையில் வைத்துவிடுங்கள். நல்ல ஆட்டம் ஆடிய பிள்ளையிடம் பெயர் கேளுங்கள். அது போதும்.

போய்வந்தவர்கள் எந்த ஊர், என்ன ஆட்டம், யார் நன்றாக ஆடினார்கள் என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தவும் செய்வேன், பழக்கதோஷம்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்