மனிதனும் ஒரு வளமாம்!

"தொழிலாளர் உறவு" என்று கலாசாலைகளில் ஒரு படிப்பு இருந்தது. இன்று அது பெரும்பாலும் "மனித வள மேலாண்மை"க்குள் ஒரு தாளாகச் சுருங்கிவிட்டது. பெயர் மாறியதால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்பீர்கள். உறவு என்றால் இரண்டு பேர் வேண்டும், ஐயா! வளத்துக்குத் தோண்டி எடுக்கிறவர் ஒருவரே போதும். நிலக்கரி ஒரு வளம். தேக்கு ஒரு வளம். கிணத்துக்கடவு சாலையோரத்தில் ஷிப்டு வண்டிக்குக் காத்து நிற்கிறவனும் ஒரு வளம்!

இந்தத் துறையை நான் வெறுப்பவனல்ல. டில்லியில் சமூகவியல் போதித்த இ. ஏ. ராமசாமி, கோவைப் பஞ்சாலைத் தொழிலாளியையும் அவன் சங்கத்தையும் ஆராய்ந்து 1977-இல் ஒரு நூல் வெளியிட்டார். உமா ராமசாமி 1983-இல் வேலை, சங்கம், சமூகம் மூன்றையும் சேர்த்து எழுதினார். இரண்டும் ஆங்கிலத்தில்தான், அந்தக் குறை இருக்கட்டும். தொழிலாளியைத் தேடிப் போனார்களே, அதுதான் படிப்பு.

பிறகு நம் வட்டாரத்து நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" வந்தது. ஏழைப் பெண் மூன்று வருஷம் ஆலை விடுதியில் தங்கி உழைத்தால் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினால், பல இடங்களில், அந்தத் தொகை போனது போனதுதான். உள்ளூர்த் தொண்டர்கள் கூவிப் பார்த்தார்கள். 2011-இல் நெதர்லாந்திலிருந்து அறிக்கை வந்த பிறகுதான் நம் துணியை வாங்கும் ஐரோப்பியக் கம்பெனிகள் கூச்சத்தோடு நெளிந்தன.

கோயம்புத்தூரில் கல்லூரிக்கா பஞ்சம்? மாணவர்கள் ஆலைக்கு வராமலும் இல்லை. "ஊழியர் திருப்தி" என்று வினாத்தாளை நீட்டுவார்கள், ஐந்து கட்டம், ஒன்றில் குறி போட வேண்டும். பக்கத்தில் சூப்பர்வைசர். நானாக இருந்தாலும் "மிகவும் திருப்தி" என்றுதான் போடுவேன்! அதைக் கூட்டி, வகுத்து, சதவீதம் கட்டினால் ஆய்வேடு.

ஆலைக்குள் விட வேண்டுமே என்று பேராசிரியர்கள் சொல்லக்கூடும். நியாயம்தான். ஆனால் வேலையை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்கும் தேனிக்கும் திரும்பிவிட்ட பெண்ணுக்குச் சூப்பர்வைசர் பயம் ஏது? அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார யாருடைய அனுமதி வேண்டும்?

இப்போது ஷிப்டு வண்டிகளில் பீகார்க்காரரும் ஒடிசாக்காரரும் ஏறுகிறார்கள். அந்த வினாத்தாளை அவர்களுக்குப் புரிகிற பாஷையிலாவது அச்சடித்திருக்கிறார்களா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.