எலக்ட்ரிக் கிடாரும் மரமண்டைகளும்

வீட்டிலேயே எலக்ட்ரிக் கிடார் செய்யக் கிளம்புகிற பையன்களுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் ரம்பம் எடுப்பதற்கு முன்பே "ஆல்டர் எங்கே கிடைக்கும், ஸ்வாம்ப் ஆஷ் எங்கே கிடைக்கும்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அமெரிக்காவிலிருந்து வரவழைக்க என்ன ஆகும், கஸ்டம்ஸில் எவ்வளவு பிடுங்குவான் என்று கணக்குப் போட்டே ஆறு மாதம் ஓடிவிடும். கிடார் மட்டும் வராது. அந்தப் பையன் இருங்காட்டுக்கோட்டை பக்கம் குடியிருக்கிறவன் என்றால் கூத்து இன்னும் பெரிசு.

ஏனென்றால் அந்த ஊரைச் சுற்றி மரம் சும்மா கிடக்கிறது. 1998-ல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியதிலிருந்து ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை தொழிற்சாலை மயம். வெளிநாட்டிலிருந்து பாகங்கள் மரப்பெட்டியிலும் பாலெட்டிலும் வந்து இறங்குகின்றன. அதில் நிறைய பைன் மரம். காலியான பெட்டி பழைய மரக்கடைக்குப் போகும், இல்லையென்றால் அடுப்புக்கு.

"ஐயே, பெட்டி மரத்திலா கிடார்?" என்று மூக்கைச் சுளிப்பவர்கள் கொஞ்சம் சரித்திரம் படிக்கலாம். லெஸ் பால் 1940 வாக்கில் செய்து பார்த்த 'லாக்' கிடாரின் நடுத்தண்டு, நாலுக்கு நாலு இஞ்ச் பைன் கட்டை. லியோ ஃபெண்டர் 1949-ல் செய்த முதல் மாதிரியின் உடம்பும் பைன்தான். அந்த மனுஷன் ரேடியோ ரிப்பேர்க்காரர். பிற்பாடு ஆஷ், ஆல்டர் என்று போனது அதில் ஏதோ தேவகானம் ஒளிந்திருந்ததால் இல்லை. அந்த ஊரில் அது மலிவாக, நிறைய கிடைத்தது. அவ்வளவுதான். ஆஷ் மரத்தைப் பூச்சியும் வெள்ளமும் சேர்ந்து காலி செய்ததும், 2020-ல் ஃபெண்டர் கம்பெனியே அதன் உபயோகத்தைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்துவிட்டது. லியோ இருங்காட்டுக்கோட்டையில் கடை போட்டிருந்தால் பலா மரத்தில் செய்திருப்பார். உலகம் பூரா இன்றைக்குப் 'பலா டோன்' என்று ஜல்லியடித்துக் கொண்டிருக்கும்!

பலா என்றதும் சிரிக்க வேண்டாம். தஞ்சாவூர் வீணையே பலா மரம்தான். வீணைக்கு மரம் முக்கியம், ஏனென்றால் குடம் அதிர்ந்துதான் சத்தம் வெளியே வர வேண்டும். எலக்ட்ரிக் கிடாரில் அந்த வேலையைச் செய்வது பிக்கப். காந்தம், அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள். எஃகுத் தந்தி ஆடினால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. காந்தத்துக்கு ஆல்டரும் தெரியாது, அடுப்புக்கட்டையும் தெரியாது. ஜிம் லில் என்ற அமெரிக்க கிடார்க்காரர், இரண்டு மேசைகளுக்கு நடுவே தந்தியைக் கட்டி, உடம்பே இல்லாமல் வாசித்து வீடியோ போட்டுக் காண்பித்தார். மர பக்தர்களால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

மரம் துளிக்கூட முக்கியமே இல்லை என்று அர்த்தமில்லை. கழுத்து என்று ஒன்று இருக்கிறதே, அங்கேதான் பணத்தையும் புத்தியையும் செலவழிக்க வேண்டும். ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் 45 கிலோ அளவுக்கு இழுக்கும். பெட்டி பைனில் கழுத்து செய்தால் வில்லாக வளைந்துவிடும். இதற்குப் பழைய வீடு இடித்த தேக்கு இருக்கிறது. ஐம்பது வருஷம் வெயிலும் மழையும் பார்த்து ஆடி அடங்கிய மரம். ரேகை நேராக ஓடுகிற, முடிச்சு இல்லாத துண்டாகப் பொறுக்கி எடுத்து, உள்ளே டிரஸ் ராட் வைக்க வேண்டும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுகிற இடத்தைத் தின்னரால் துடைக்காமல் பசை போட்டால் என்றைக்காவது பிய்த்துக்கொண்டு வரும்.

பெட்டி மரத்திலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக் கூடாது. வெளிநாட்டுப் பெட்டிகளில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். பக்கத்தில் 'ஹெச்.டி.' என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சியைக் கொன்றது. 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு விஷப்புகை போட்டது, அதைத் தொடவே வேண்டாம். ஹெச்.டி. என்பதாலேயே நன்றாகக் காய்ந்தது என்றும் நினைக்கக் கூடாது. நிழலில் சில மாதம் அடுக்கி வைத்து, ஆணியெல்லாம் பிடுங்கி, இரண்டு அடுக்காக ஒட்டினால்தான் வேண்டிய 45 மில்லிமீட்டர் கனம் வரும்.

இன்னொரு கோஷ்டி, முழு உடம்பையும் ஈட்டி மரத்தில் (நம்மூர் ரோஸ்வுட், தோதகத்தி) செய்யத் துடிக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையில் வளர்கிற, அருகி வரும் பட்டியலில் ஏறிவிட்ட மரம். விரல்பலகைக்கு ஒரு சின்னப் பட்டை, அதுவும் ரசீதோடு வாங்கினால் போதாதா? 1969-ல் லண்டன் மொட்டைமாடியில் ஜார்ஜ் ஹாரிசன் வாசித்தாரே ஒரு ரோஸ்வுட் டெலிகாஸ்டர், அதன் கனத்தைக் குறைக்க உள்ளே குடைந்திருந்தார்கள். பைனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. தோள்பட்டை கழன்றுவிடும்.

சரி, பூச்சுக்கு வருவோம். பண விரயத்தைத் தாண்டி உயிருக்கே உலை வைக்கிற இடம் இதுதான். ஃபெண்டரின் 'ஃபியஸ்டா ரெட்', 'லேக் பிளாசிட் புளூ' எல்லாம் ஃபோர்டும் காடிலாக்கும் ஓட்டிய டூபாண்ட் கார் பெயிண்ட். கார் ஊரில் இருக்கிற பையனுக்கு உடனே கை துறுதுறுக்கும். பட்டறையில் இரண்டு டப்பா பி.யூ. பெயிண்ட் வாங்கி, மொட்டைமாடியில் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பான். அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு துளி பட்டாலும் இழுக்கும். முறையான பட்டறையில் இதற்குத் தனி அறை, காற்று வெளியேற்றி, வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வருகிற முகமூடி. கைக்குட்டை எந்த மூலைக்கு?

'நைட்ரோ லேக்கர்தான், அதில்தான் மரம் மூச்சு விடும்' என்பது அடுத்த பீலா. வெட்டிப்போட்ட மரம் எங்கே மூச்சு விடும்? அதுவும் தின்னர் நாற்றமும் தீப்பிடிக்கிற அபாயமும் உள்ள சரக்கு. நம்மூர் ஈரக்காற்றில் அடித்தால் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துப் போகும்.

தச்சர்கள் காலங்காலமாகத் துணியில் தொட்டுத் தேய்க்கிற பிரெஞ்சு பாலிஷ் எங்கே போயிற்று? அரக்கையும் ஸ்பிரிட்டையும் கலந்தால் முடிந்தது. அரக்கு இந்தியச் சரக்கு. வியர்வையும் தண்ணீரும் பட்டால் தடம் விழும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதன் மேலேயே இன்னொரு கை தேய்த்தால் சரியாகிவிடும், கம்ப்ரஸர் தேவையில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் ஆரம்பிக்கக் கூடாது. தை பிறக்கட்டும். அதுவரைக்கும் பெட்டியில் ஆணி பிடுங்குகிற வேலையே ஏராளம்.