‘ஸ்கானிலை ஒண்டுமில்லையாம்!’



தீவுப் பக்கத்து வீடொன்றில் யாராவது விழுந்து தலை அடிபட்டால் அன்றைக்கு அந்த வீடு மட்டுமல்ல, ஒழுங்கையே அல்லோலகல்லோலப்படும். ஒருவர் ஓட்டோவுக்கு ஓடுவார், ஒருவர் கோப்பித்தூளோடு வருவார், ஒருவர் நயினை நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைப்பார். பின்னேரம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலிருந்து போன் வரும்: “ஸ்கானிலை ஒண்டுமில்லையாம்!” எல்லோருக்கும் மூச்சு வரும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அடிபட்டவர் வீடு திரும்புவார். அடிபட்டவர் அம்மா என்றால், மறுநாள் விடிய அடுப்படியில் நிற்பார்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. திருவலையில் இருந்து குனிந்தால் தலை சுற்றும். கறிக்கு உப்புப் போட்டாயிற்றா இல்லையா என்று மூன்றாம் தரமும் யோசிக்க வேண்டியிருக்கும். மத்தியான வெயிலில் முற்றத்துச் சீமெந்து கண்ணைக் கூசவைக்கும். கோயில் ஒலிபெருக்கி மண்டைக்குள்ளேயே பாடுவது போலிருக்கும். பின்னேரம் மகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கணக்குக் கேட்க வந்தால் காரணமில்லாமல் எரிந்து விழுவார். இரவில் நித்திரையும் வராது.

“ஸ்கானிலை ஒண்டுமில்லை எண்டுதானே சொன்னவை, பிறகென்ன?” என்று வீடு கேட்கும். கேள்வி நியாயம்தான். பதிலும் கடினமில்லை. சி.ரி. ஸ்கான் பார்ப்பது மண்டையோடு வெடித்திருக்கிறதா, உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறதா என்பதை. உயிருக்கு ஆபத்து உண்டா என்று அறிய அது அவசியம். ஆனால் அடியில் மூளை ஒருமுறை குலுங்கினால் நரம்புக் கலங்கள் வேலை செய்யும் விதம் சில காலம் குழம்பிப்போகிறது. அந்தக் குழப்பம் சாதாரண ஸ்கான் படத்தில் தெரியாது. கன்கஷன் என்றும் மூளை அதிர்ச்சி என்றும் சொல்வது இதைத்தான். மயங்கி விழுந்திருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. நினைவு தப்பாமலே இது வரலாம். ‘இலேசானது’ என்று டாக்டர் சொல்வது உயிராபத்து குறைவு என்பதற்காகத்தான். அனுபவிப்பவருக்கு அது இலேசாக இருக்கும் என்றில்லை.

எங்கள் ஊரில் தலை அடிபட வழிகளுக்கா பஞ்சம்? பாசி பிடித்த கிணற்றுக்கட்டு, கும்மிருட்டில் கட்டாக்காலி மாடுகள் குறுக்கே வரும் றோட்டு, குறிகட்டுவானில் படகின் உள்ளறைக்குக் குனிந்து இறங்கும்போது இடிக்கும் மேல்தட்டு. ஆவணியில் பனம்பழம் வேறு. காகம் இருக்கப் பழம் விழுந்த கதையை எல்லோரும் சொல்வோம். கீழே யார் இருந்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒரு கதை தெரிந்திருக்கும். 2019 ஓகஸ்ட் 17, லோட்ஸ் மைதானம். ஜொஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது, ஆள் விழுந்தார். வெளியே கூட்டிப்போய்ச் சோதித்தார்கள். சோதனையில் குறையொன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து துடுப்பெடுத்தாடி 92 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். அடுத்த நாள் காலையில்தான் தலை மந்தமாகி, அந்த ஆட்டத்திலிருந்தே விலக வேண்டி வந்தது. அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். கன்கஷனுக்கு மாற்று வீரரை இறக்கலாம் என்ற ஐ.சி.சி. விதி அந்த மாதம் முதலாம் திகதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் ஆடவில்லை.

மைதானத்திலேயே டாக்டர் நிற்கிற ஒருவருக்கே அறிகுறி அடுத்த நாள்தான் முழுதாகத் தெரிந்தது என்றால், மோட்டார் சைக்கிளால் விழுந்து மண்ணைத் தட்டிவிட்டு எழும்பி, “ஒண்டுமில்லை” என்று வேலைக்குப் போகும் எங்கள் பெடியன் கதை என்ன?

முதலில் ஆபத்தைப் பார்த்துவிடுவோம். தலையிடி கூடிக்கொண்டே போகிறதா, திரும்பத் திரும்பச் சத்தி எடுக்கிறாரா, வலிப்பு வந்ததா, பேச்சுக் குழறுகிறதா, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிகிறதா, கை கால் சோர்கிறதா, காதாலோ மூக்காலோ தெளிந்த நீரோ இரத்தமோ வருகிறதா, எழுப்பினால் எழும்பாமல் கிடக்கிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்; 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. புங்குடுதீவிலிருந்து வாணர் பாலமும் பண்ணைப் பாலமும் கடந்து யாழ்ப்பாணம் போக ஏறத்தாழ 30 கிலோமீற்றர். நெடுந்தீவு, நயினாதீவுக்காரருக்குக் கடலும் சேர்த்து. ஆகவே ‘விடியட்டும் பார்ப்போம்’ என்பது மற்ற ஊர்களைவிட எங்களுக்கு இரட்டிப்புத் தவறு. கடைசிப் படகு போவதற்கு முன்பே முடிவெடுங்கள். போய்விட்டதென்றால் ஊர் வைத்தியசாலைக்கு உடனே சொல்லுங்கள். நெடுந்தீவிலிருந்து அவசர நோயாளர்களைக் கடற்படைப் படகில் கொண்டுவருவது வழக்கத்தில் உள்ளதுதான்.

வயது போனவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இருதயத்துக்கென்று அஸ்பிரின், வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் பார்க்கும் குளிசை எடுக்கிற அப்புவோ ஆச்சியோ இலேசாக இடித்துக்கொண்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அவர்களுக்கு உள்ளே மெல்ல மெல்ல இரத்தம் கசிந்து வாரங்கள் கழித்தும் வெளிப்படலாம். ‘வயசு போச்சு, புத்தி மாறாட்டம்’ என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்போம்.

ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு? இங்கே இரண்டு பழைய பேச்சுகளை விட்டுவிடலாம். தலை அடிபட்டவரை நித்திரை கொள்ள விடக்கூடாது என்பார்கள். டாக்டர் பார்த்து வீட்டுக்கு விட்டிருந்தால் தாராளமாக நித்திரை கொள்ளலாம்; நித்திரைதான் மருந்து. முதல் இரவு யாராவது பக்கத்தில் படுத்தால் போதும். மற்றது, இருட்டறையில் வாரக்கணக்கில் கிடத்துவது. 2022இல் அம்ஸ்ரர்டாமில் கூடிய கன்கஷன் நிபுணர்கள் அதற்கு உடன்படவில்லை. முதல் ஓரிரு நாட்கள் வேலையையும் படிப்பையும் குறைத்து, போன், ரீவி திரைகளை ஒதுக்கி ஆறியிருக்கலாம். அந்த நாட்களிலேயே வளவுக்குள் மெல்ல நடக்கலாம். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். தலையிடி கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்கலாம். வலிக்குப் பனடோல் போதும். வேறு வலிக்குளிசையை டாக்டரைக் கேளாமல் போட வேண்டாம். சாராயமும் கள்ளும் கூடவே கூடாது. பெரும்பாலானோர் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடுகிறார்கள். சிலருக்கு மாதக்கணக்கிலும் இழுக்கும். அப்படி இழுத்தால் திரும்பவும் கிளினிக்குக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திரையை ஒதுக்கச் சொன்னேன். எங்கள் ஊர் நிலைமை உங்களுக்குத் தெரியும். அடிபட்ட செய்தி எட்டியதும் ரொறன்ரோவிலிருந்து சித்தி, பாரிஸிலிருந்து மாமா, சுவிஸிலிருந்து மச்சாள் என்று வட்சப்பில் வரிசை. ஒவ்வொருவருக்கும் முகத்தைக் காட்டி, காயத்தைக் காட்டி, விழுந்த கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அன்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் இரண்டு நாட்களும் வீட்டில் வேறொருவர் போனை எடுத்துப் பேசிவிட்டால் என்ன?

கனடாவில் இருப்பவர்களுக்கு இது புதிய சங்கதியல்ல. ஒன்ராறியோவில் பிள்ளைகளை விளையாட்டுக்குச் சேர்க்கும்போது கன்கஷன் பற்றிய விளக்கத்தை வாசித்து, வாசித்தோம் என்று உறுதி சொல்ல வேண்டும். ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற ஒட்டாவாப் பிள்ளையின் பெயரில் 2018இல் வந்த சட்டம் அது. அவளுக்கு 17 வயது. றக்பி ஆட்டத்தில் தலை அடிபட்டு, தனக்குக் கன்கஷனோ என்று சந்தேகப்பட்டுத் தோழிகளிடம் சொன்னாள், வீட்டில் சொல்லவில்லை. சுகமாகாமலே மறுபடி விளையாடி, மறுபடி அடிபட்டு, 2013 மே மாதம் இறந்துபோனாள். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுவதுதான் இதில் மிகப் பயங்கரம். அதனால்தான் சொல்கிறேன்: சுகமாகும்வரை மோட்டார் சைக்கிளும் வேண்டாம், கூரையில் ஏறுவதும் வேண்டாம், மைதானமும் வேண்டாம். சோதனை நெருங்குகிற பிள்ளை என்றால் ரியூசனைப் பாதியாக்குங்கள். வகுப்பு ஆசிரியருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள்.

இனிச் சொல்வது எனக்கு முக்கியமாகப்படுகிறது. நாங்கள் ஷெல்லும் குண்டும் பார்த்த ஆட்கள். இடம்பெயர்ந்து, கடல் கடந்து, திரும்பி வந்து இடிந்த வீட்டைக் கட்டியவர்கள். ‘அதையே தாங்கினோம், இதென்ன பெரிய காரியம்’ என்ற எண்ணம் இரத்தத்தில் ஊறிவிட்டது. அந்த உறுதிதான் எங்களைக் காப்பாற்றியது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதே உறுதிதான் கட்டுப்போடாத காயத்தை நம்ப மறுக்கிறது. கால் முறிந்து மாக்கட்டுப் போட்ட மருமகளிடம் ஒருவரும் தண்ணீர் அள்ளச் சொல்வதில்லை. தலைக்குள் அடிபட்டவளிடம் மூன்றாம் நாளே ‘சாட்டுச் சொல்லுறாள்’, ‘வேலைக்குக் கள்ளம்’ என்கிறோம். கொஞ்ச நாளில் அவளே தன்னைச் சந்தேகிக்கத் தொடங்குவாள். எரிச்சல், அழுகை, மறதி எல்லாம் அடியின் பகுதி என்று அவளுக்கு யார் சொல்வது? கண்ணூறு கழித்து நூல் கட்டுவதைத் தடுக்க நான் யார்? கட்டிவிட்டு ஒரு கிழமைக்கு அடுப்படியையும் பொறுப்பெடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தலை அடிபட்ட ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுக்க வேண்டாம். இவ்வளவு பொடி எழுத்து அவருக்கு ஆகாது. நீங்களே வாசித்துக் காட்டுங்கள், இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி. அவர் எனக்கு ஏதும் எழுத விரும்பினால், அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்