கமராவை மாற்ற முன்…



சென்ற மாதம் கிளிநொச்சிப் பக்கத்து அக்கா ஒருவர் கடனுக்குப் பிணைக் கையொப்பம் கேட்டு என்னிடம் வந்தார். 2009இல் கணவனைத் தொலைத்தவர். சாமத்திய வீடு, கலியாண வீடு என்று படம் பிடித்தே இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தவர். பெண்பிள்ளைக்குச் சேலை உடுத்தும் அறைக்குள் ஆண் படப்பிடிப்பாளரை விட விரும்பாத குடும்பங்கள் இவரைத்தான் தேடி வருகின்றன.

கையில் இருப்பது கனன் 1300டி. வாங்க விரும்பியது அதே கொம்பனியின் 6டி, பாவித்தது. “பெரிய கமரா இல்லையெண்டால் சனம் மதிக்குதில்லை மிஸ்” என்றார்.

கடன் என்றாலே எனக்குப் பயம். நுண்கடனால் எத்தனை வீடுகள் நிம்மதி இழந்தன என்பது உங்களுக்கும் தெரியும். அதனால், “கடைசியாக எடுத்த நூறு படங்களைக் காட்டுங்கோ அக்கா” என்றேன். எங்கள் அலுவலகத்துப் படங்களை நானே எடுப்பதால் இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. தேவையில்லாத கமரா ஒன்றுக்கு என் சொந்தப் பணத்தைக் கரைத்த அனுபவமும் உண்டு.

பார்த்தால், பெரும்பாலானவை வீட்டுக்குள்ளும் இரவு மண்டபத்திலும் எடுத்தவை. முகங்கள் அசைந்து மங்கியிருந்தன. குறை கமராவில் அல்ல, அதனுடன் வந்த 18-55 லென்ஸில். கிட்ட இழுக்கும்போது அதன் வாய் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். 50 மி.மீ. 1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். 6டியின் சென்சர் 1300டியின் சென்சரைவிடப் பரப்பில் இரண்டரை மடங்குதான் பெரியது. இருட்டுக்கு முதல் மருந்து எது என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இன்னொன்றைக் கடைக்காரர் சொல்லவில்லை. அக்காவின் 18-55, 55-250 இரண்டும் இ.எப்.-எஸ். வகை. அவை 6டியில் பூட்டவே மாட்டா. ஆக, கமராவுக்கு மேலே லென்ஸுக்கும் கடன். 50 மி.மீ. 1.8 என்றால் இரண்டு கமராவிலும் பொருந்தும். ஆனால் 1300டியில் அது 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். சின்ன அறையில் முகம் எடுக்கலாம், முழு ஆளை எடுக்கப் பின்னால் போனால் சுவர் முட்டும். அதற்கு பிளாஷை மேல்நோக்கித் திருப்பி எடுக்க வேண்டும். வெள்ளைச் சீலிங் இருந்தால் வெளிச்சம் மென்மையாக இறங்கும், தகரக் கூரையின் கீழ் அவ்வளவு சரிவராது.

அல்பம் பெரிதாக அடிக்கக் கூடிய மெகாபிக்சல் வேண்டும் என்பதும் வீண் பயம். 1300டியின் 18 மெகாபிக்சல், 12க்கு 18 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 288 புள்ளிகள் தருகிறது. அது போதும்.

அப்படியென்றால் கமராவை மாற்றவே கூடாதா? அப்படியில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டிகள்தான் உங்கள் தொழில் என்றால் 1300டி திணறும். செக்கனுக்கு 3 படம், 9 குவியப் புள்ளிகள். பாவித்த 7டி மார்க் II செக்கனுக்கு 10 படம் எடுக்கும், 65 புள்ளிகள் கொண்டது, பழைய லென்ஸ்களும் பூட்டும். கலியாணம்தான் தொழில் என்றால் நான் முதலில் பார்ப்பது இரண்டு மெமரி காட் போடும் வசதியை. ஒரு காட் பழுதானால் தாலி கட்டியதைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது அல்லவா? அந்த வசதி 6டியில் இல்லை. 5டி மார்க் III இல் உண்டு. அதற்கும் லென்ஸ் மாற்ற வேண்டும், பாரமும் கூட. பாஸ்போட் படம், குழந்தைப் படம் எடுப்பவர்கள் இருப்பதையே வைத்திருங்கள்.

கனனும் நிக்கனும் இப்போது புதிதாக வெளியிடுவது கண்ணாடியில்லாத கமராக்களைத்தான். அதனால் பழைய வகை மலிவாகக் கிடைக்கும், திரும்ப விற்கும்போதும் அதேபோல விலை குறையும். பாவித்தது வாங்கினால் ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். 6டியின் ஷட்டர் 100,000 தடவைக்கென்று செய்யப்பட்டது. ஒரு கலியாணத்துக்கு 1,500 அடித்தால் அது 66 கலியாணம். நிக்கனில் படக் கோப்பிலேயே அந்த எண் இருக்கும். கனன் என்றால் திருத்துபவரிடம் கொடுத்துப் பார்ப்பதே நல்லது.

அக்கா 50 மி.மீ. லென்ஸும் பாவித்த பிளாஷ் ஒன்றும் வாங்கினார். சிறிய கடன், ஆறு மாதத் தவணை. அதற்குக் கையொப்பம் வைத்தேன். பெரிய கமரா ஆசையை அவர் இன்னும் விடவில்லை. தவணை முடியட்டும், அதன் பிறகு 5டி மார்க் III ஒன்றைச் சேர்ந்து போய்ப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.