‘பிறகு’ நாவலில் இருப்பது மண்வாசனை மட்டும்தானா?

பூமணியின் ‘பிறகு’ நாவலைப் பற்றி எங்கள் நாகலாபுரம் பக்கம் பேச்சு எடுத்தால் முதலில் வந்து விழுகிற சொல் ‘மண்வாசனை’. கரிசல் பேச்சும் சொலவடையும் அப்படியே இருக்கிறது என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் அந்தப் பாராட்டோடு பேச்சை முடித்துக்கொள்வதில் பலருக்கும் ஒரு வசதி இருக்கிறது. மண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சாதியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

1979இல் வெளிவந்த அந்த நாவலின் மையம் அழகிரி என்கிற அருந்ததியர். கமலைக்குத் தோல் தைப்பதும் செருப்புத் தைப்பதும் அவர் தொழில். கமலை ஓடாவிட்டால் கிணற்றுத் தண்ணீர் மேலே வராது. தண்ணீர் வராவிட்டால் தோட்டத்தில் வெள்ளாமை இல்லை. சம்சாரிகளின் விளைச்சலே அவர் கைத்திறனை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கை ஊருக்குத் தீட்டு. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் சொன்னதை, கோஷம் எதுவும் போடாமல் அன்றாட வேலைகளின் வழியாகவே பூமணி காட்டிவிடுகிறார்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆன் பெட்ரி 1946இல் ‘தி ஸ்ட்ரீட்’ நாவலில் செய்ததும் இதுதான். அதன் நாயகி லூட்டி ஜான்சன் வெள்ளையர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவள். உழைத்துச் சிக்கனமாக இருந்தால் முன்னேறிவிடலாம் என்று நம்பி, நியூயார்க்கின் ஹார்லெமில் மகனோடு தனியாக வாழ்கிறாள். அவளிடம் உழைப்புக்குக் குறைவில்லை. நிறமும் வறுமையும் பெண் என்பதும் சேர்ந்து அவள் வழியை அடைக்கின்றன. பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற நாவல் அது. அதை ‘ஹார்லெம் வாசனை’ என்று மட்டும் ஒருவர் மெச்சினால் நமக்குக் கோபம் வராதா?

‘உழைத்தால் உயரலாம்’ என்பதை நம் பள்ளிச் சுவர்களிலும் எழுதி வைத்திருக்கிறோம். அழகிரி உழைக்காத நாள் உண்டா? பம்புசெட் வந்ததும் கமலை போயிற்று, அதோடு அந்தத் தோல் வேலையும் போயிற்று. ஆனால் சாதி போகவில்லை. இன்றும் துப்புரவுப் பணியில் பெருமளவில் இருப்பவர்கள் அருந்ததியர்களே. கருவி மாறியது, ஆள் மாறவில்லை.

‘பிறகு’ வந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 2009இல்தான் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு சட்டமாக்கியது. உட்பிரிவு ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் ‘எதற்குத் தனியாக?’ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், முற்போக்கு பேசுகிறவர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நான் இந்த நாவலைத்தான் கொடுப்பேன்.

இலக்கியத்தை அரசியலாக்காதே என்பார்கள். வேலையையும் கூலியையும் உள்ளபடி எழுதுவதுதான் யதார்த்தவாதம் என்றால் அரசியல் அதற்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை.

‘வெக்கை’யை ‘அசுரன்’ படமாகப் பார்த்துவிட்டுப் பூமணியிடம் வந்த இளைஞர்கள் பலர். அவர்கள் அடுத்து ‘பிறகு’வை எடுக்க வேண்டும். வாசிப்பு வட்டத்தில் வட்டார வழக்கைத் தாராளமாக ரசியுங்கள். கூடவே மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இந்த வேலையை ஏன் இவரே செய்கிறார்? கூலியை யார் முடிவு செய்கிறார்கள்? ‘மாட்டேன்’ என்று இவரால் சொல்ல முடியுமா?