பணம் திரும்பலாம், விற்கப்பட்ட வேலை திரும்புமா?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிப் பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடமிராது. ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் செல்லும் அந்தக் கூட்டத்தை வருவோர் சுற்றுலாவாகக் காண்கின்றனர். எங்கள் குடியிருப்புகளின் இளைஞர்களோ பேருந்தில் நிற்கும் நடத்துநரைக் காண்கின்றனர். நிலமற்ற குடும்பத்தில், பீடி சுற்றிப் படிக்கவைத்த தாயின் பிள்ளைக்கு அந்தக் காக்கிச் சட்டை கூலியிலிருந்து வெளியேறும் வாசல். அந்த வாசலில் விலைப்பலகை தொங்கவிடப்பட்டதாகச் சொல்வதே முன்னாள் அமைச்சர் வி. செந்தில் பாலாஜி மீதான வழக்கு.

2011 முதல் 2015 வரை அ.தி.மு.க. ஆட்சியில் அவர் போக்குவரத்துத் துறை அமைச்சர். அக்காலத்தில் போக்குவரத்துக் கழகங்களில் ஓட்டுநர், நடத்துநர், பொறியாளர் உள்ளிட்ட பணிகளுக்குப் பணம் பெறப்பட்டது என்பது குற்றச்சாட்டு. 2015 முதல் புகார்கள் எழுந்தன. 2018-இல் அவர் தி.மு.க.வில் இணைந்தார், 2021-இல் மீண்டும் அமைச்சரானார். 2023 ஜூன் 14 அன்று அமலாக்கத் துறை கைது செய்தது. 2024 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது. மூன்றே நாளில் மீண்டும் பதவியேற்றார். பதவியா, பிணையா என்று உச்ச நீதிமன்றம் கேட்டபின், 2025 ஏப்ரல் 27 அன்று விலகினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பின் கடமை.

இவ்வழக்கைக் கட்சிகளின் பகையாகப் பேசுவதே நம் ஊடகங்களின் வழக்கம். யார் கட்சி மாறினார், எந்த அமைப்பு யாரை ஏவியது என்பதோடு விவாதம் முடிகிறது. ஒடுக்கப்பட்டோரின் பக்கமிருந்து பார்த்தால் முதன்மையான நிகழ்வு வேறு. பணம் கொடுத்து ஏமாந்தவர்களுக்குப் பணம் திரும்பிவிட்டது, சமரசம் ஏற்பட்டுவிட்டது என்று கூறி, 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு ரத்து செய்யப்பட்டது. அப்போது குற்றம் சாட்டப்பட்டவர் பதவியில் இருந்த அமைச்சர். எதிர்த்தரப்பினர் வேலை தேடி அலைந்த எளிய மனிதர்கள். இவ்விருவருக்கும் இடையே நிகழ்வதைச் சமரசம் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

2022 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. பணம் கொடுத்து வேலை பெற்றோர், பணம் கொடுத்தும் பெறாதோர் என இரு வகையினரை அது பிரித்துக் காட்டியது. பெறாதவருக்குப் பணத்தைத் திருப்பித் தந்து வழக்கை முடித்தால், பெற்றவரின் நியமனத்துக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்றது.

இவ்விரு வகைக்கும் வெளியே நிற்பவரைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம். தகுதி இருந்தும் கொடுக்கப் பணமில்லாதவர் அவர். அவர் பெயர் புகாரில் இராது. திருப்பித் தரப்படத் தொகையும் இல்லை. தேர்வில் தோற்றோம் என்று எண்ணியே வீடு திரும்பியிருப்பார். நகை, நிலம், வங்கிக் கடன் ஆகிய மூன்றுமே அரிதான தலித் குடும்பங்களிலிருந்து அத்தகையோர் மிகுதியாக வருவது தற்செயல் அன்று.

இடஒதுக்கீடு அவரைக் காக்காதா என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு உண்டு. அதனுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு. ஆனால் வேலை விற்பனைக்கு வந்துவிட்டால் ஒதுக்கப்பட்ட இடமும் விற்பனைக்கு வரும். அச்சமூகத்திலேயே கடன் வாங்க முடிந்தவர் உள்ளே செல்வார். முடியாதவர் வெளியே நிற்பார். ஏட்டில் இனச்சுழற்சி பிழையின்றி இருக்கும். நீதி மட்டும் இராது. ஆகவே நியமன ஊழல் என்பது இடஒதுக்கீட்டின் மீதான தாக்குதலே.

அடுத்த அநீதி விசாரணையின் வடிவில் வந்தது. இவ்வழக்குகளில் பணம் கொடுத்தோரும் குற்றவாளிகளாகச் சேர்க்கப்பட, எண்ணிக்கை 2,000-ஐக் கடந்தது. இப்படி நடத்தினால் அமைச்சரின் ஆயுளுக்குள் வழக்கு முடியாது என 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே தமிழ்நாடு அரசைச் சாடியது. லஞ்சம் கொடுப்பதும் தவறுதான். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தவரையும் அதிகாரத்தில் இருந்தோரையும் ஒரே கூண்டில் ஏற்றினால், உண்மை சொல்ல வேண்டிய சாட்சி வாய் மூடிக்கொள்வார். அந்த மௌனம் யாருக்குப் பயன்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனவே, முதன்மைக் குற்றவாளிகள் மீதான விசாரணை பிரிக்கப்பட்டு விரைவாக நடத்தப்பட வேண்டும். போக்குவரத்துக் கழகங்களின் ஒவ்வொரு தேர்வுப் பட்டியலும் மதிப்பெண், இனச்சுழற்சி வரிசையோடு வெளியிடப்பட வேண்டும். அதுவரை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவற்றைக் கேட்டுப் பெறுவது நம் பணி. 2018-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத் திருத்தப்படி, கட்டாயத்தால் லஞ்சம் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் அவர் குற்றவாளி ஆகார் என்பதையும் ஊர்தோறும் சொல்ல வேண்டும்.

தென்காசி மக்களவைத் தனித்தொகுதி. சங்கரன்கோவிலும் வாசுதேவநல்லூரும் சட்டமன்றத் தனித்தொகுதிகள். நம் வாக்கைப் பெற்று அவைக்குச் சென்றோரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கொடுக்கப் பணமில்லாததால் வேலை இழந்தவனுக்கு நீங்கள் எதைத் திருப்பித் தரப்போகிறீர்கள்?